ரெண்டு வீடு இருந்தா வண்டி வரும்

— அம்மா, பல் டாக்டர் வீட்டுத் தொட்டி விளிம்பு வரைக்கும் நிக்குது. குழாயை நான் எங்க விடறது?

— அவர் தொட்டியை நீ எதுக்குத் தம்பி எட்டிப் பாக்கறே? குழாயைக் குடு, எப்பவும் போல நான் விட்டுக்கறேன்.

— நிறைஞ்ச தொட்டியில எப்படிம்மா விடுவீங்க? போன வாரம் நான் ஊத்துன தண்ணி. ஒரு சொம்பு கூடக் குறையல. கொசுப்புழு நெளியுது.

— சிக்கனமா இருக்கார் போல.

— ஒரு வாரமா பல்லு கூட விளக்காமலா? அதுவும் பல் டாக்டர்!

— நல்லாத்தான் பேசறே. லாரி ஓட்டறதுக்கு நாடகத்துல சேர்ந்திருக்கலாம்.

— பேச்சை மாத்தாதீங்கம்மா. அவர் எங்க?

— தூங்கறார்.

— வெளியில பூட்டுப் போட்டுக்கிட்டா? பூட்டுல துரு ஏறிக் கிடக்கு. எப்பக் கேட்டாலும் குளிக்கறார்ம்பீங்க. தண்ணியே இல்லாத தெருவுல ஒரு மனுஷன் மாசக்கணக்கா குளிச்சுக்கிட்டே இருந்திருக்கார் பாருங்க.

— சரி. போயிட்டார். மகன் வந்து கூட்டிட்டுப் போயிட்டான். போதுமா?

— அப்ப இந்தத் தெருவுல நீங்க மட்டும்தானா?

— நானும், ஓணானும்.

— ஏம்மா மறைச்சீங்க?

— தெரியாத மாதிரிக் கேக்கறியே. உங்க கம்பெனி சட்டம்தானே? ரெண்டு வீடாவது இருந்தாத்தான் தெருவுக்குள்ள வண்டி வரும். நான் ஒருத்திதான்னு தெரிஞ்சா அடுத்த வாரமே நிறுத்திடுவாங்க. அதான் அவர் வீட்டுக்கும் சேர்த்து நானே பணம் கட்டறேன். தண்ணி நின்னுச்சுன்னா எனக்குத் தங்கச்சி வீட்டு ஹால்தான். அவ மருமகன் சாப்பிட்டுக் கை கழுவற வரைக்கும் பாயை விரிக்க முடியாது.

— அது சரி. அவர் தொட்டியில ஊத்துன தண்ணியெல்லாம் எங்க போச்சு? இத்தனை வாரமும் பிடிச்சுதே?

— எங்கயோ போச்சு.

— நெசமாச் சொல்லுங்கம்மா.

— கிணத்துல ஊத்தினேன்.

— எந்தக் கிணத்துல?

— என் கிணத்துலதான். வாளி வாளியா இறைச்சு ஊத்தினேன். இந்த வாரம் இடுப்பு பிடிச்சுக்கிச்சு, முடியல. மாட்டிக்கிட்டேன்.

— நல்ல தண்ணியைக் கொண்டு போய் உப்புக் கிணத்துலயா!

— ஊத்த ஊத்தக் கொஞ்சமாவது உப்பு இறங்காதான்னு பார்த்தேன். கிணறு திருந்திட்டா உன் வண்டியும் வேண்டாம், அந்த மனுஷன் பேரும் எனக்கு வேண்டாம்.

— கடல்ல கரைச்ச பெருங்காயம்மா அது. உங்க கிணத்துல நிக்கறது கடல். பூமிக்குள்ள நல்ல தண்ணி உப்புத் தண்ணி மேலதான் கிடக்கும், பால் மேல ஏடு மாதிரி. மழை பெஞ்சு பெஞ்சுதான் அந்த ஏடு கட்டும். அது கட்டறதுக்குள்ள நாம மோட்டார் போட்டு வழிச்சுக் குடிச்சிட்டோம். அடியில இருந்தது மேல வந்துடுச்சு.

— நாம இல்ல. அவர். ரோஜாச் செடிக்காக இந்தத் தெருவுல முதல் போர் போட்டது யாரு? அவர் போட்டார்னு எதிர்வீட்டுக்காரங்க இன்னும் ஆழமாப் போட்டாங்க. அதைப் பார்த்து முனைவீடு.

— நீங்க?

— எல்லாருக்கும் கடைசியா.

— ஆக, போட்டீங்க.

— போடாம? ஊரே குடிக்கறப்ப நான் மட்டும் வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கணுமா?

— கோவிச்சுக்காதீங்கம்மா. தண்ணிக்கா பஞ்சம்? தெரு முனையில கடல் கத்திக்கிட்டே கிடக்கு. குடிக்கிற தண்ணிதான் ஒரு கை அளவு. நான் வண்டி ரொப்பற ஏரியும் பாதிக்கு மேல சேறு. அடுத்த நிறுத்தத்துல வரிசை கட்டி நிக்கறாங்க, கடைசியில நிக்கறவங்களுக்கு எப்பவும் எட்டறதில்ல. கைக்குழந்தையோட ஒரு பொண்ணு காலிக் குடத்தைத் தூக்கிட்டுத் திரும்பிப் போகும். அதோட தண்ணிம்மா நீங்க கிணத்துல கொட்டினது.

— திட்டு. நல்லாத் திட்டு. வாரத்துல ஒரு நாள் காதுல விழற மனுஷக் குரல் உன்னுதுதான்.

— ஐயோ, அப்படியெல்லாம் சொல்லாதீங்க.

— உண்மையத்தான் சொல்றேன். தைக்கக் குடுக்க இந்தத் தெருவுல யார் இருக்கா? ஆனாலும் சாயங்காலமானா மெஷின்ல உக்காந்து துணி இல்லாமலே மிதிக்கறேன், சத்தம் கேட்கட்டும்னு. அந்த மனுஷனோட நாலு வருஷமாப் பேச்சு இல்ல. உன் ரோஜாவுக்கு என் கிணத்தைக் குடுத்துட்டியேன்னு வாசல்ல நின்னு கத்தினேன், அதோட சரி. இருந்தாலும் அவர் வீட்டு விளக்கு எரிஞ்சா எனக்குத் தூக்கம் வரும். அவர் போன அன்னைக்கு கேட் திறக்கற சத்தம் கேட்டுச்சு. எந்திரிச்சுப் போய்ப் பார்த்திருக்கலாம். போகல.

— அம்மா, அவர் பங்குத் தண்ணியை நான் அந்த வரிசைக்குக் கொண்டு போயிடறேன். உங்க தொட்டிக்கு வழக்கம் போல ஊத்தறேன். இங்க ரெண்டு வீடுன்னே இருக்கட்டும்.

— மகராசனா இருப்பே. ஆனா ஆபீஸ்காரங்க அவர்கிட்டயே கேட்டா என்ன பண்றது? அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. போட்டுக் குடுத்துடுவார்.

— கேட்டாச்சும்மா.

— என்னது?

— காலையில நான் வண்டி எடுக்கறப்பவே மேனேஜர் சந்தேகப்பட்டு அவருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கர்ல போட்டார், நானும் கேட்டேன். அதான் இன்னைக்குக் குழாயை உங்க கையில குடுக்காம நானே தூக்கிட்டுப் போனேன்.

— அடப்பாவி! தெரிஞ்சுக்கிட்டா இவ்வளவு நேரம் என்னைப் பேச விட்டே? போச்சு. நான் மூட்டை கட்டறேன்.

— இருங்கம்மா. அவர் இங்க தன் வீட்டுலதான் இருக்கேன்னார்.

— பொய்.

— பொய்தான். பின்னாடி லிஃப்ட் கதவு மூடற சத்தம் எனக்கே கேட்டுச்சு. மேனேஜர் மண்டையை ஆட்டிட்டு போனை வைக்கப் போனார். இவர் விடல. வைக்காதீங்கன்னுட்டு அவரா பேசறார்.

— என்ன பேசினார்?

— ‘பக்கத்து வீட்டம்மாவுக்கும் தண்ணியை நிறுத்திடாதீங்க. தினமும் சாயங்காலம் மதில் ஓரமா நின்னு நாங்க ரெண்டு பேரும் ரொம்ப நேரம் பேசிக்கிட்டிருப்போம்’னார்.