தண்ணீர் கொடுக்காதவன் பேசுகிறேன்

தலைமையேற்றிருக்கும் தகைசால் பெரியவர் ஆராவமுதன் ஐயா அவர்களே, லிங்கராஜபுரம் தமிழ் மன்றத்தைத் தாங்கிநிற்கும் மூத்தோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் வந்தமர்ந்திருக்கும் அன்னையரே, அனைவருக்கும் வணக்கம்.

உயர்நிலைப் பள்ளியில் விளையாட்டு அறிவியலைப் பாடமாக்கக் கேட்டு அரசுக்கு மனு அனுப்பலாமா? சென்ற ஆண்டும் இதே மேடையில் இதே கேள்வி எழுந்தது. எதிர்த்து முழங்கியவன் நான். "ஓடுவதற்கு ஓர் ஏடா? குதிப்பதற்கு ஒரு குறிப்பேடா?" என்றேன். கூரை அதிரக் கைதட்டினீர்கள். இரண்டாம் வரிசையில் என் மனைவி தாரணியும் தட்டினாள். மனு குப்பைக்குப் போனது.

அவையோரே, அந்தப் பேச்சுக்கு இன்று வெட்கப்படுகிறேன்.

ஏப்ரல் மாதம். நம் வட்டாரத்தின் பத்துக் கிலோமீட்டர் ஓட்டம். தாரணிக்குப் பயிற்சியாளன் நான். நியமித்தது யார்? நானே! அவள் வெயிலில் ஓடினாள். நான் ஸ்கூட்டரில் கூடவே போனேன். ஆறாவது கிலோமீட்டரில் கேட்டாள்.

"என்னங்க, ஒரு வாய் தண்ணி குடுங்க."

"ஓடறப்ப குடிச்சா வயிறு புடிச்சுக்கும். முடிச்சிட்டுக் குடி."

தண்ணீர் மேசையருகே நின்ற கிருஷ்ணப்பா கத்தினார்: "சார், நீரு கொடி சார், தண்ணி குடுங்க! மூஞ்சி பாருங்க, எப்படி செவந்து போச்சு!"

"பேடா, வேணாம்" என்று கையை ஆட்டினேன்.

எட்டாவது கிலோமீட்டரில் கால் பின்னியது. "நாம யார் வூட்டுக்குப் போறோம்?" என்றாள். விளையாடுகிறாள் என்று சிரித்தேன். "இன்னும் ரெண்டுதான், ஓடு" என்றேன். ஒன்பதாவதில் விழுந்தாள். மாலை நான்கு மணிக்கு மருத்துவர் வெளியே வந்து, வெப்பத் தாக்கு என்றார். தாரணி வெளியே வரவேயில்லை.

என்ன கோவிந்தராஜன் அண்ணா? "இதெல்லாம் சேத்தா மார்க் கொறையும்பா" என்கிறீர்களா? மார்க் என்னிடம் இருந்தது அண்ணா! இயற்பியலில் தொண்ணூற்றெட்டு! வியர்வை ஆவியாகி உடலைக் குளிர்விக்கிறது என்று படம் போட்டு எழுதியவன். தொழிற்சாலையில் இயந்திரம் சூடேறினால் உடனே நிறுத்தச் சொல்லும் இன்ஜினியர். இரும்பின் சூடு தெரிந்தது. இல்லாளின் சூடு தெரியவில்லை!

எங்கள் பி.டி. பீரியடில் கணக்கு வாத்தியார் வந்தார். மைதானத்தில் யாரோ சொன்ன பொய்யை நான் வேதமாக்கிக்கொண்டேன். எப்போது குடிப்பது, எப்போது நிறுத்துவது, தடுமாறுகிறவளை எப்படி நனைத்துக் குளிர்விப்பது, இது பாடமில்லை என்றால் எது பாடம்? உயிரைக் காக்காத தேர்ச்சி என்ன தேர்ச்சி? விதி என்று என்னைத் தேற்றாதீர்கள். விதியல்ல, அறியாமை! ஆணவம் பூசிய அறியாமை!

நாளை மறுநாள் பள்ளிகளுக்கிடையேயான ஓட்டப் பந்தயம். நம் பெண்கள் ஓடுவார்கள். நாம் ஓரத்தில் நின்று கத்துவோம். அவர்களில் ஒருத்தி தடுமாறினால், என்ன செய்வதென்று இங்கே யாருக்குத் தெரியும்? சொல்லுங்கள், யாருக்கு?

மனு தலைவர் மேசையில் இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. எழுத்து கோணியிருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். அதற்குக் கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

என்னையும் பேசவிட்ட பெரியோர்க்கு நன்றி. நிமிர்ந்து பார்க்கக் கூசுகிறது. குனிந்தபடியே கும்பிட்டு அமர்கிறேன்.