யாருக்கும் சொந்தமில்லாத நிமிடம்

ஐயா,

உங்கள் நாட்டிலிருந்து கடிதம் எனக்கு வந்து சேர நாற்பத்தொரு நாள் பிடித்திருக்கிறது. அதற்காக உங்களைக் குறைசொல்ல மாட்டேன். இந்த 1986ஆம் ஆண்டில் எங்கள் தீவுப்பகுதிக்குத் தபால் எப்போது வரும், எப்போது வராது என்பது தபாற்காரருக்கே தெரியாது. உறை மழையில் ஊறியிருந்தாலும் உள்ளே எழுத்து அழியவில்லை. நல்ல தட்டச்சு. கொழும்பில் இருபத்திரண்டு வருடம் நானும் இதே வேலை பார்த்தவன். புதிய கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டு வருவது உண்மையில் புதியதுதானா என்று சோதித்து, ஆக்கவுரிமை கொடுக்கலாமா கூடாதா என்று எழுதுகிற பரிசோதகர் வேலை. ஆகவே உங்கள் மறுப்பைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. தொழில் தெரிந்த ஒருவரின் கையைக் கண்ட சந்தோஷம்தான் வந்தது.

பத்துப் படகுகள் ஒரே அலைவரிசையை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டுக்கு உரிமை கேட்டிருக்கிறேன். அதில் ஒவ்வொரு படகின் நான்கு நிமிட முறைக்குப் பின்னும் எந்தப் படகுக்கும் ஒதுக்காத ஒரு நிமிடம் வருகிறது. அது வீண் என்கிறீர்கள். அந்த நிமிடத்தை எடுத்துவிட்டால் என்ன கெட்டுவிடும், நிரூபிக்கவும் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. முதலில் தமிழில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் தட்டச்சு செய்கிறேன்.

எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வெள்ளவத்தை வீடு எரிந்தது. கப்பலில் வந்திறங்கி, புளியங்கூடலில் மனைவி அன்னபூரணத்தின் சீதன வீட்டில் குடியேறினேன். கொண்டுவந்தது கொஞ்ச உடுப்பும் அலுவலகத்தின் பித்தளை முத்திரையும். ஏன் முத்திரையை எடுத்தேன் என்று கேட்டால் எனக்கே தெரியாது. இருபத்திரண்டு வருடம் மற்றவர்களுடைய பெயர்களின் கீழே கையெழுத்து வைத்தவன், வேறு எதை எடுப்பான்?

அந்த வருடம் செப்ரெம்பரில் ஊர்காவற்றுறையிலிருந்து கத்தரீனா என்ற பெண் என்னைத் தேடி வந்தாள். இருபத்தாறு வயது இருக்கும். மீனவர் சங்கத்தின் கரை வானொலியில் இருந்து படகுகளோடு பேசுவது அவள் வேலை. கணவன் சில்வெஸ்ரர் ஏழாம் இலக்கப் படகை ஓட்டுபவன். அவளுக்குக் கதிரை கொடுத்து இருக்கச் சொன்னேன். கடற்றொழில் சாதியினருக்கு எங்கள் பகுதியில் எல்லோரும் கதிரை கொடுப்பதில்லை.

ஒரு பிஸ்கற் ரின்னைத் திறந்து காட்டினாள். உள்ளே பழைய மேசை மணிக்கூட்டின் சில்லுகள். அதைப் படகின் வானொலியோடு பொருத்தினால், தன் முறை வரும்வரை அந்தப் படகின் பேசும் பொத்தான் வேலை செய்யாது. ஆறு மாதமாகச் சங்கத்தின் பத்துப் படகுகளிலும் இதுதான் ஓடுகிறது என்றாள்.

“எல்லாரும் ஒரேயடியாக் கதைச்சா ஒருத்தற்றை கதையும் விளங்காது, ஐயா. அதுதான் முறை வைச்சனான்.”

“இந்த ஐஞ்சாம் நிமிசம் ஆற்றை?”

“ஒருத்தற்றையும் இல்லை. அந்தரப்பட்டவன் எடுக்கலாம்.”

சும்மா சொல்லக்கூடாது, எனக்கு வயிறு எரிந்தது. எத்தனை பொறியியலாளர்களின் எத்தனை விண்ணப்பங்களைத் தட்டிக்கழித்திருக்கிறேன். ஒருவனுக்கும் தோன்றாதது பத்தாம் வகுப்போடு நின்ற இவளுக்குத் தோன்றியிருக்கிறது. ஒன்றைப் பூட்டுகிறவன் அதற்குள்ளேயே ஒரு கதவையும் திறந்து வைக்க வேண்டும் என்பது பெரிய யோசனை. எந்தப் படகு ஆபத்தில் மாட்டினாலும் நான்கு நிமிடத்துக்கு மேல் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு கிழமை கழித்து வரச்சொல்லி, என் முடிவைச் சொன்னேன். முறை வைப்பது புதியது, ஆனால் அந்த நிமிடம் 1967இல் வெளிவந்த ஒரு ஜப்பானிய ஆக்கவுரிமைப் பத்திரத்தில் ஏற்கெனவே இருக்கிறது என்றேன். அப்படி ஒரு பத்திரம் கிடையாது. நிமிடத்தை நீக்கிவிட்டு மற்றதற்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் கருவியும் விண்ணப்பமும் எழுத்துக்கு எழுத்துப் பொருந்தவேண்டும், கருவியை முத்திரையிட்டு முப்பது நாள் கடலில் ஓட்டிக் காட்டவேண்டும் என்றேன். இப்படி ஒரு விதி எந்த நாட்டிலும் இல்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

“ஐயா, அந்த நிமிசம் இல்லாட்டி அந்தரத்துக்குக் கூப்பிட ஏலாதே.”

“ஒரு மாசம்தானே, பிள்ளை. இந்த ஆறு மாசத்திலை எத்தினை தரம் கூப்பிட்டவை?”

“மூண்டு தரம். மூண்டு தரமும் ஆக்களைக் காப்பாத்தினது.”

மூன்று என்று குறித்துக்கொண்டேன்.

நவம்பர் முதலாம் திகதி ஊர்காவற்றுறை இறங்குதுறையில் வைத்து, கத்தரீனா நிமிடத்தின் சில்லைக் கழற்றிய பத்துப் பெட்டிகளுக்கும் அரக்கு உருக்கி முத்திரையிட்டேன். சில்வெஸ்ரர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றான். சிரித்த முகம்.

“ஐயா, இவள் வீட்டிலையும் எனக்கு முறை வைச்சுத்தான் கதைக்க விடுறவள்.”

“அப்பிடியெண்டாலும் உங்கடை வாய் ஓயுதே,” என்றாள் அவள்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முத்திரை உடைந்தால் விண்ணப்பம் போய்விடும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன். அந்தக் கிழமையே நிமிடத்தோடு கூடிய முழு ஏற்பாட்டுக்கும் என் பெயரில் உரிமை கேட்டு விண்ணப்பம் அனுப்பினேன். அதுதான் இப்போது உங்கள் மேசையில் இருப்பது. அவளுடைய விண்ணப்பம் என் அலுமாரியில், வேட்டிகளுக்குக் கீழே இருக்கிறது.

மாதத்தைத் தெரிவு செய்தவன் நான்தான். வாடைக்காற்றுப் பிடிக்கும் மாதம். என்றோ ஒரு நாள் உங்களைப் போன்ற ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்பார் என்று எனக்கு அப்போதே தெரியும். அமைதியான கடலில் சோதித்தால் என்ன தெரியவரும்?

பத்தொன்பதாம் திகதி பிற்பகல், எழுவைதீவுக்கு மேற்கே ஏழாம் இலக்கப் படகில் நான்கு பேர் இருந்தார்கள். மூன்று மணி எட்டு நிமிடத்துக்கு சில்வெஸ்ரரின் முறை முடிந்தது. எல்லாம் சுகம் என்று சொல்லியிருக்கிறான். இரண்டு நிமிடம் கழித்துப் பெரிய அலை ஒன்று அடித்துப் பக்கப் பலகை பிளந்தது. அடுத்த முறை மூன்று நாற்பத்துநான்குக்கு. பத்து நிமிட ஓட்டத்தில் வேறு இரண்டு படகுகள் நின்றன. அவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

தப்பி வந்தவன் மார்க்கண்டு ஒருவன்தான். அவனை ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். நேரங்களைச் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

“பெட்டிக் கம்பியை வெட்டுவம் எண்டு குறடு எடுத்தனான், ஐயா. சில்வெஸ்ரர் விடேல்லை. அவளின்ரை சீல், உடைச்சா எல்லாம் போச்சு, இன்னும் கொஞ்சம் பொறு எண்டவன். தண்ணி ஏற ஏறப் பொத்தானை அமத்திக்கொண்டே நிண்டவன். பிறகு, சரி வெட்டு எண்டான். அப்ப பற்றரி தண்ணிக்குள்ளை.”

மூன்று முப்பதுக்குப் படகு கவிழ்ந்தது. சில்வெஸ்ரரும் அவனோடு படகில் போயிருந்த எழுவைதீவுச் சகோதரர் இருவரும் போனார்கள். சில்வெஸ்ரரின் உடல் கிடைக்கவில்லை.

இரண்டு கிழமைக்குப் பிறகு கத்தரீனா கறுப்பு உடுப்போடு வந்தாள். அன்றும் கதிரை கொடுத்தேன். இருக்கவில்லை.

“ஐயா, நான்தானே அந்த நிமிசத்தை எடுத்தனான்?”

“ஓம்,” என்றேன்.

அதில் பொய் எதுவும் இல்லை. சில்லைக் கழற்றியது அவளுடைய கைதான். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். என்மேல் ஒரு சொல் குறை சொல்லவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நித்திரை வந்திருக்கும்.

விபத்து நடந்த அடுத்த நாளே அவள் பெட்டிகளில் நிமிடத்தைத் திரும்பவும் வைத்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்த அலைவரிசை எடுக்கும் சிறிய வானொலி ஒன்று என்னிடம் இருந்தது. சோதனைக்காக வாங்கியது. பிற்பகலில் அதைத் திருப்பினால், ஒவ்வொரு ஐந்தாம் நிமிடமும் அவளுடைய குரல் கேட்கும்.

“சில்வெஸ்ரர், இது ஒருத்தற்றையும் நிமிசம் இல்லை. இப்ப கதையுங்கோவன்.”

பிறகு அந்த நிமிடம் முடியும்வரை பேசாமல் காத்திருப்பாள். நானும் காத்திருப்பேன். அன்னபூரணம் ஒரு நாள் வாசலில் நின்று, “ஏனப்பா இந்தக் கண்டறியாத இரைச்சலைக் கேட்டுக்கொண்டு இருக்கிறியள், நிப்பாட்டுங்கோ” என்றாள். நிப்பாட்டினேன். அடுத்த ஐந்தாம் நிமிடத்துக்கு முன் கை தானாகப் போய்த் திருப்பியது.

அடுத்த ஆண்டு கடற்படை படகுகளின் வானொலிகளைப் பறித்தது. கரை வானொலியும் போயிற்று. இப்போது அந்த அலைவரிசையில் பேச ஒருவரும் இல்லை. ஆனாலும் ஐந்தாம் நிமிடம் வந்ததும் இரைச்சல் அடங்குகிறது. யாரோ பொத்தானை அமத்திப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பதுபோல, அப்படி ஒரு அமைதி. பற்றரியைக் கழற்றிப் பார்த்தேன். அப்போதும் அது வந்தது. வீட்டிலுள்ள மணிக்கூட்டை அயல்வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நிமிடம் எனக்குள்ளே ஓடுகிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. இதை விண்ணப்பத்தோடு சேர்க்கவேண்டாம். பரிசோதகருக்குப் பரிசோதகர் என்று எழுதுகிறேன்.

இனி உங்கள் கேள்விக்கான பதில். நிமிடம் இருந்த ஆறு மாதத்தில் மூன்று ஆபத்துகள் நேர்ந்தன. உயிரிழப்பு இல்லை. நிமிடம் இல்லாத பத்தொன்பது நாளில் ஒரே ஓர் ஆபத்து. மூன்று உயிர்கள் போயின. அதே பெட்டிகள், அதே படகுகள், அதே ஆட்கள். மாறியது நிமிடம் ஒன்றுதான். இவ்வளவு சுத்தமான ஒப்பீட்டை உங்கள் நாட்டு ஆய்வுகூடத்திலும் செய்ய ஏலாது. பொய் சொல்லி நிமிடத்தை எடுக்கவைத்தவன் நான், பெட்டியைப் பூட்டி முத்திரையிட்டவன் நான், மூவரையும் கொன்றவன் நான். ஒளிக்கவில்லை. நிமிடத்தை யோசித்தது கத்தரீனா என்பதையும் ஒளிக்கவில்லை. ஆனால் அதன் பெறுமதியை நிறுவியது என்னுடைய சோதனை. ஆகவே கண்டுபிடிப்பாளர் என்ற இடத்தில் என் பெயர் அப்படியே இருக்கட்டும்.

அவள் மாதாமாதம் முதல் வெள்ளி பூசைக்குப் போய்விட்டு இங்கே வருவாள். நேற்றும் வந்தாள். உங்கள் கடிதம் மேசையில் கிடந்தது.

“என்ரை விண்ணப்பத்துக்குப் பதில் ஏதும் வந்ததோ, ஐயா?”

“இன்னும் இல்லைப் பிள்ளை,” என்றேன்.

தாமதிக்காமல் முடிவை அனுப்புங்கள். உரிமை கிடைத்தவுடன் முதலில் அவளுக்குத்தான் சொல்லப்போகிறேன். தன் நிமிடம் உலகத்தில் வேறெங்கும் இல்லாதது என்று தெரிந்தால் அவள் சந்தோஷப்படுவாள்.

இப்படிக்கு,
க. தியாகலிங்கம்