கடைசித் தாள்

விளக்கைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இன்னும் நெருங்கி உட்காருங்கள்... இது நம் தெருத் தையல்காரரின் பெரியப்பாவுக்கு நடந்தது. பேருந்து ஓட்டுநர் அவர்.

இரவு பதினோரு மணி. கடைசி நடை முடித்து, வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு நடந்து வருகிறார். ஒரு பக்கம் பூட்டிய கிடங்குகள், மறு பக்கம் தண்டவாளம். ஆள் நடமாட்டமே கிடையாது. தன் செருப்புச் சத்தமே பின்னால் யாரோ வருவதுபோல் கேட்கிற சாலை. வளைவில் திரும்பியதும் தலை நிமிர்ந்து வீட்டைப் பார்ப்பது அவருடைய பழக்கம்.

அன்றும் பார்த்தார்.

மாடி ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம்.

மனைவி இறந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. வீட்டில் வேறு யாரும் இல்லை. சாவி அவர் சட்டைப் பையில் இருந்தது.

அந்த அம்மாள் புத்தகப் பைத்தியம். ஒரு கிராம்பை வாயில் அடக்கிக்கொண்டு, மேசை விளக்கடியில் உட்கார்ந்தால் உலகம் மறந்துவிடும். அவர் வீடு திரும்பும்வரை அதுதான் துணை. தாளைப் புரட்டுவதற்கு முன் அதன் மூலையை நகத்தால் இரண்டு முறை தட்டுவாள். டக்... டக்... பிறகுதான் சரக்கென்று புரட்டுவாள்.

எத்தனையோ படித்தாலும், உயிருக்கு உயிரான புத்தகங்களுக்கென்று ஒரு சின்ன அலமாரி வைத்திருந்தாள். அதில் சுலபமாக இடம் கிடைக்காது. "பொண்ணு குடுக்கிற வீட்டைக்கூட இவ்வளவு விசாரிக்க மாட்டா எங்கக்கா" என்று கேலி செய்வாள் தங்கை. அந்தத் தங்கைதான் நம் தையல்காரரின் அம்மா. வருடம் ஒரு சுற்று, இடமிருந்து வலமாக எல்லாவற்றையும் அக்கா மறுபடி படிப்பாள். முடித்த புத்தகத்தைத் தலைகீழாக வைப்பாள். சுற்று முடிந்ததும் எல்லாவற்றையும் நிமிர்த்துவாள்.

"தெரிஞ்ச கதைதானே, திரும்பத் திரும்ப என்னத்தைப் படிக்கிறே?"

"நீங்க அதே ரூட்ல தினமும் வண்டி ஓட்டலையா?"

பேருந்துப் பலகையில் ஊர்ப் பெயரைத் தவிர வேறெதையும் அவர் படித்ததில்லை.

ஒருமுறை வாடகை நூலகத்திலிருந்து வந்த நாவலில் கடைசித் தாள் இல்லை. யாரோ கிழித்திருந்தார்கள். அன்று அவள் சாப்பிடவில்லை. "கழுத்தைப் பிடிச்சு வாசல்ல தள்ளுன மாதிரி இருக்குங்க" என்று அழுதாள். அதை அவர் மறக்கவில்லை. மறந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

பாதிச் சுற்றில் போய்ச் சேர்ந்தாள். அலமாரியில் பாதி தலைகீழ், பாதி நேர். அவர் எதையும் தொடவில்லை.

சரி... அந்த இரவு மாடி ஏறினார். கதவுக்கு அந்தப் பக்கம், டக்... டக்... சரக். திறந்தார். விளக்கு அணைந்திருந்தது. ஆனால் அதன் மூடி சுட்டது. அறை முழுக்கக் கிராம்பு வாசனை. அலமாரியில் இன்னொரு புத்தகம் தலைகீழாக இருந்தது.

அவருக்குப் பயமே வரவில்லை. அறை வாசற்படியில் உட்கார்ந்து விசும்பினார்.

அதன்பிறகு தினமும் வெளிச்சம் தெரிந்தது. உள்ளே போகமாட்டார். படியில் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போவார். முகத்தில் களை வந்துவிட்டது. ஆனால் புத்தகங்கள் ஒவ்வொன்றாகத் தலைகீழாகிக்கொண்டே வந்தன. ஒருநாள் பார்த்தால்... நேராக நிற்பது ஒன்றே ஒன்று.

இதையும் முடித்துவிட்டால் அவள் போய்விடுவாள்.

பட்டப்பகலில் அந்தப் புத்தகத்தின் கடைசித் தாளைக் கிழித்து எடுத்தார். மடித்துக் கீழறையில் தன் தலையணைக்கடியில் வைத்தார்.

சில நாள் எப்போதும்போல் போனது. பிறகு ஒரு இரவு, டக்... டக்... அத்தோடு நின்றது. புரட்டும் சத்தம் வரவில்லை. வெகுநேரம் கழித்துத் தாள்கள் சரசரவென்று பின்னால் ஓடின. மேசை இழுப்பறை திறந்தது. மூடியது. பாயைத் தூக்கும் ஓசை. அடுத்த இரவும் அதே தேடல். அதற்கடுத்த இரவு அழுகை கேட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அழுவாளே, அதே அழுகை.

தங்கை வந்து அவர் முகத்தைப் பார்த்துப் பதறினாள். "என்ன அத்தான், பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க?"

"அறையலை சின்னவளே. அழுதுட்டிருக்கு. நான்தான் அழ வச்சுட்டேன்."

அன்றிரவு தாளை எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். இருட்டு. டார்ச்சை அடித்து, எழுத்துக் கூட்டிக் கூட்டி, உரக்கப் படித்தார். அழுகை நின்றது. கிராம்பு வாசனை கிட்டே வந்தது... தோளுக்கருகில் வந்தது. கடைசி வரிக்கு வந்ததும் நிறுத்தினார்.

"மிச்சம் நாளைக்குப் படிக்கிறேன். போயிடாதே. நாளைக்கு..."

டார்ச் அணைந்தது. விரல்களுக்கிடையிலிருந்து அந்தத் தாளை யாரோ மெதுவாக, மிக மெதுவாக உருவினார்கள். டக்... டக்...

காலையில் எல்லாப் புத்தகங்களும் தலைகீழாக இருந்தன. அந்தத் தாளை மட்டும் காணவில்லை.

எல்லாவற்றையும் அவரே நிமிர்த்தி வைத்தார். அடுத்த சுற்றுக்கு வருவாள் என்று நம்பினார். ஜன்னல் இருட்டாகவே கிடந்தது. பிறகு அவரே முதல் புத்தகத்தை எடுத்தார். வரி வரியாக, விரல் வைத்து, இடமிருந்து வலமாக. முடித்ததைத் தலைகீழாக வைத்தார். வருடம் ஒன்று ஓடியது. கடைசிப் புத்தகத்தில் பாதி தாண்டியபோது, நடந்ததையெல்லாம் அவரிடம் கேட்டுத் தெரிந்திருந்த தங்கை கேட்டாள்: "அதுலதான் கடைசித் தாள் இல்லையே அத்தான். வேற ஒண்ணு வாங்கித் தரட்டுமா?"

"வேண்டாம்மா. அது அவகிட்ட இருக்கு."

சில நாள் கழித்து அவர் வேலைக்கு வரவில்லை என்று பணிமனையிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். தங்கைதான் போய்க் கதவைத் திறந்தாள். மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தார். உடம்பு சில்லென்றிருந்தது. அலமாரியில் எல்லாமே தலைகீழ். மடியில் அந்தத் தாள், மடிப்புத் தடங்களோடு.

தாடையைக் கட்டுவதற்காக அவள் குனிந்தாள். அவர் வாயிலிருந்து வாசனை வந்தது.

அந்த மனுஷர் வாழ்நாளில் கிராம்பைத் தொட்டதே இல்லை.