மூன்றாவது தந்தி

மழை விட்ட நாளில்தான் நான் பசையைக் கையில் எடுப்பேன். எங்கள் ஹவாயில், அதுவும் ஹீலோவில், அப்படி ஒரு நாள் மாதத்துக்கு ஐந்தாறு கிடைத்தால் அதிர்ஷ்டம். ஈரக்காற்றில் ஒட்டிய மரம் நாலு நாள் வெயில் பட்டதும் கோபித்துக்கொண்டு பிரிந்துவிடும். இன்றைக்குப் பாருங்கள், வானம் வெளுத்திருக்கிறது. நீங்கள் வராவிட்டால் இந்நேரம் இந்தச் சின்ன நாலு தந்தி யூகுலேலேக்கு முதுகுப் பலகை ஒட்டி முடித்திருப்பேன். பரவாயில்லை, முதுகு எங்கேயும் ஓடிவிடாது. அந்த முக்காலியைத் தட்டிவிட்டு உட்காருங்கள். இந்தத் தீவில் வளர்கிற கோவா மரத்தின் தூள் கருநீலச் சீருடையில் நன்றாக அப்பிக்கொள்ளும்.

பெயர் மெல்வின் ஃபுர்ட்டாடோ. வயது அறுபத்திரண்டு. கார் நிற்கவேண்டிய கொட்டகையில் பட்டறை வைத்துவிட்டு, காரை முப்பது வருடமாக மழையில் நனையவிட்டிருக்கிறேன். அதுவும் குற்றமென்றால் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். இதுவரை இருநூற்றுப் பதினான்கு யூகுலேலே செய்திருக்கிறேன். பழுது பார்த்தவற்றை எண்ணவில்லை. மேலே உட்கார்ந்து உடைத்தது, நாய் கடித்தது, புருஷன்மேல் எறிந்தது, எல்லாம் இந்த மேஜைக்கு வந்துதான் தேறிப் போயிருக்கிறது.

நோஹேயா கொடுத்த புகாரில் 'மூத்தவர் ஒருவரைத் துன்புறுத்தியது' என்று இருப்பதாகச் சொன்னீர்கள். பெரிய வார்த்தை அது. அவளுடைய அம்மாவிடம் நான் ஒரு நாளும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. ஆனால் அவள் சொன்ன விவரங்கள் அத்தனையும் சரி. வரிசையாகவே சொல்லிவிடுகிறேன், உங்களுக்கும் வேலை சுலபம்.

அவள் அம்மா இவாலானி அக்காவை உங்களுக்கே தெரிந்திருக்கும். எங்கள் தேவாலயத்தில் இருபத்தெட்டு வருடம் பாடகர் குழுவை நடத்தியவர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். பெரிய உடம்பு, பெரிய சிரிப்பு, காதோரம் எப்போதும் ஒரு செம்பருத்தி. அந்தக் காது இருக்கிறதே, அதுதான் அவருடைய சொத்து. தெருவில் போகிற லாரியின் ஹாரனைக் கேட்டுவிட்டு, "இவன் நேத்தைவிட ஒரு மயிரிழை இறங்கியிருக்கான்" என்பார். முப்பது பேர் பாடும்போது மூன்றாவது வரிசையில் யார் சுதி விலகினார் என்று பெயர் சொல்வார். வேடிக்கைக்காகச் சோதித்துப் பார்த்தவர்கள் எல்லோரும் தோற்றுப்போனார்கள்.

மூன்று வருடத்துக்கு முன்பு நோஹேயாவின் பெண் குழந்தைக்கு முதல் பிறந்தநாள். முந்நூறு பேர். குழியில் வெந்த பன்றி, தொட்டி தொட்டியாகச் சேப்பங்கிழங்குக் கூழ், கூடாரத்துக்கு மேலே வழக்கமான மழை. அன்றைக்கு அக்காவுக்கு ஒரு யூகுலேலே பரிசாகக் கொண்டுபோனேன். பதினொரு வருடம் எடுத்து வைத்திருந்த ஒரே பலகையில் செய்தது. புலித்தோல் மாதிரி வரி ஓடிய கோவா. மூன்று மாத வேலை. நான் செய்ததிலேயே அழகானது அதுதான், இப்போதும் அதில் மாற்றமில்லை.

அக்கா கட்டிக்கொண்டார். மேடைக்குப் போய் அதையே வாசித்துப் பாடினார். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் ஒரு நொடி நின்று யூகுலேலேயைக் குனிந்து பார்த்தார். பாடி முடித்ததும் மைக்கிலேயே, சிரித்துக்கொண்டுதான், சொன்னார்:

"மெல்வின், மேல போகப் போக மூணாவது தந்தி கொஞ்சம் ஏறிப் பேசுதுப்பா. வியாழக்கிழமை கொண்டாரேன், பாத்துக் குடு."

பின் வரிசையிலிருந்து யாரோ ஒருவன், "ஏன் மெல்வின், மரத்துக்கு அடிச்ச வார்னிஷ காதுக்கும் அடிச்சுட்டியா?" என்றான். கூடாரமே சிரித்தது. நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்திருக்கிறேன், போட்டோவில் இருக்கிறது.

வியாழக்கிழமை சொன்னபடி கொண்டுவந்தார். நான் உள்ளே எடுத்துப்போய் அளந்தேன். அவர் சொன்னது சரி. இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். தந்திகள் ஏறி உட்காருகிற குதிரையில் விரல் நீளத்தில் ஓர் எலும்புப் பட்டை சொருகியிருக்கும். அதன் உச்சி ஒரு மயிரிழை முன்னால் நகர்ந்துவிட்டால், தந்தி சும்மா மீட்டும்போது சரியாக இருக்கும். விரலை மேலே கொண்டுபோகப் போக ஏறிவிடும். மூன்றாவது தந்திக்கு நேராக என் அரம் கொஞ்சம் வழுக்கியிருந்தது. நூறு பேரில் தொண்ணூற்றொன்பது பேருக்குக் கேட்காது. எனக்கே கேட்கவில்லை.

ஒப்புக்கொண்டிருக்கலாம் என்பீர்கள். அந்த நினைப்போடுதான் புதிதாக ஓர் எலும்பு அறுத்தேன். இருபது நிமிட வேலை. மாட்டி, வெளியே வந்து, சுதி சரியென்றால் பச்சை காட்டும் ட்யூனரைச் செருகி, ஒவ்வோர் இடமாக அழுத்திக் காட்டினேன். எல்லாம் பச்சை விளக்கு.

"பாருங்கக்கா, சரியாத்தானே இருக்கு" என்றேன். அதோடு நிறுத்தியிருப்பேன். "நான் ஒண்ணும் மாத்தல" என்று இன்னொரு வாக்கியமும் தானாக வந்துவிட்டது.

அக்கா பச்சை விளக்கைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அப்போ அன்னிக்கு எனக்குத்தான் என்னமோ ஆயிருக்கு" என்று சிரிக்க ஆரம்பித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நின்றது. அது நின்ற இடம் எனக்குப் பிடித்திருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்றுதானே உட்கார்ந்திருக்கிறோம்.

"இருங்க, புதுத் தந்தி போட்டுத் தரேன்" என்று உள்ளே போனேன். புதிய எலும்பை எடுத்துவிட்டுப் பழையதையே சொருகினேன். நான் பரிசாகக் கொடுத்த பொருளை, கொடுத்த மாதிரியே திருப்பிக் கொடுத்தேன். சட்டத்தில் இதற்கு என்ன பெயர் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அகப்படவில்லை.

ஒன்றரை மாதத்தில் மறுபடி வந்தார். மறுபடி நல்ல எலும்பு, பச்சை விளக்கு, புதுத் தந்தி, பழைய எலும்பு. முதல் வருடத்தில் மட்டும் ஏழு தடவை வந்திருக்கிறார். நான் ஒரு தடவைகூடச் சலித்துக்கொள்ளவில்லை. வரும்போதெல்லாம் காப்பி போட்டுக் கொடுப்பேன். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்:

"உனக்கு எங்க மாலியாவ ஞாபகம் இருக்கா?"

"இருக்குக்கா."

"அவளுக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. முதல்ல பாட்டுதான் தப்பிப்போச்சு. அப்புறம் பேரு, அப்புறம் நாங்க எல்லாரும்."

மாலியா அவருடைய மூத்த சகோதரி. மறதி நோயில் போனவர். அந்த அடக்கத்துக்கு நானும் போயிருந்தேன். "வயசானா எல்லாருக்கும் கொஞ்சம் வரும்க்கா, பெருசா எடுத்துக்காதீங்க" என்று சொன்னேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அவர் புத்திசாலி. வேறு யூகுலேலேயை எடுத்து வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் அல்லவா? அந்த யோசனை அவருக்கு வருவதற்குள் எனக்கு வந்தது. கிறிஸ்துமஸுக்கு முன்னால் தேவாலயத்தின் ஆறு யூகுலேலேக்களும் தந்தி மாற்ற வந்தன. வருடா வருடம் இலவசமாகச் செய்து தருவேன். அந்த ஆறுக்கும் எலும்பு அறுத்தேன், அதே இடத்தில் அதே மயிரிழை. தப்பைத் திட்டமிட்டு ஆறு தடவை ஒரே மாதிரி செய்வது லேசான வேலை இல்லை. அந்த ஆறும் எல்லா ஞாயிறும் வாசிக்கப்பட்டன. வாசித்தவர்கள் ஒருவருக்கும் தெரியவில்லை. அவர் ஒருவருக்குத்தான் கேட்டது. ஊரில் அந்தக் காது ஒன்றே ஒன்றுதான் என்று எனக்கு அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது.

நோஹேயா கெட்டிக்காரி, தன் போனிலேயே சோதித்துப் பார்த்தாள். ஆனால் தந்திகளைச் சும்மா மீட்டித்தான் பார்த்தாள். நாலும் பச்சை. "அம்மா, எல்லாம் சரியாத்தாம்மா இருக்கு" என்று அவளும் சொல்லிவிட்டாள். அதற்கு நான் பொறுப்பில்லை.

ஹொனொலுலுவில் காது டாக்டரிடம் காட்டினார்கள். காதில் ஒரு பழுதும் இல்லை என்றார். அதுதான் அக்காவை உட்கார வைத்துவிட்டது. காது நன்றாக இருந்தால் பிறகு எது கெட்டிருக்கிறது? அடுத்த டாக்டர் ஐந்து வார்த்தை சொல்லி, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னாராம். மாதக்கணக்காகத் தூங்காமல் பயந்துபோயிருந்தவருக்கு இரண்டுதான் வந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரையில் கை நடுங்கியது. நடுக்கத்துக்கு இன்னொரு மாத்திரை. அதில் பகலெல்லாம் தூக்கம்.

போன வருடம் ஈஸ்டர் ஆராதனையில் குழுவுக்கு முன்னால் நின்று கையை உயர்த்தியவர், பாட்டின் நடுவில் கையை இறக்கினார். "எனக்குத் தப்பாக் கேக்குது. நீங்க சரியாத்தான் பாடுறீங்க, எனக்குத்தான் தப்பாக் கேக்குது" என்று சொல்லிவிட்டு முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டார். குழுவை வேறொருவர் எடுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அக்கா பாடவில்லை. கார் சாவியைத் தானே மகளிடம் கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சையும் குறைத்துக்கொண்டார். தன் குரலே தனக்குச் சுதி விலகிக் கேட்பதாக நோஹேயாவிடம் சொன்னாராம். அதை நான் செய்யவில்லை, குரலில் எலும்பு கிடையாது. இந்த ஜனவரியில் முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள்.

நான் விட்டுவிடவில்லை. வியாழன்தோறும் போவேன். அவருக்குப் பிடித்த மனபுவா சூடாக வாங்கிப்போய், பிட்டுப் பிட்டுக் கொடுப்பேன். உள்ளிருக்கும் இறைச்சியை மட்டும் தின்றுவிட்டு மாவை மிச்சம் வைப்பார். அங்கிருக்கும் நர்ஸ்களைக் கேளுங்கள், சொந்தத் தம்பிகூட இப்படி வரமாட்டான் என்பார்கள்.

பட்டறையும் நன்றாக நடந்தது. அந்த மூன்று வருடத்தில் நான் செய்த யூகுலேலேக்களில் யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

நீங்கள் இங்கே வரக் காரணம் ஒரு கண்காட்சி. ஹொனொலுலுவில் கைவேலை யூகுலேலேக்களை வைக்கப் போகிறார்கள் என்று, நோஹேயா அம்மாவுடையதை அனுப்ப விரும்பினாள். என்னிடம் கொண்டுவந்து, "அங்கிள், ஒரு தடவை பாத்துக் குடுங்க. நீங்க செஞ்சதுலயே இதுதானே நல்லது" என்றாள். சந்தோஷமாகத்தான் இருந்தது. அங்கே பார்க்க வருகிறவர்கள் காது உள்ளவர்கள். அதனால் நல்ல எலும்பை எடுத்து நிரந்தரமாகச் சொருகிக் கொடுத்தேன். அதே பெட்டியில் தேவாலயத்து யூகுலேலே ஒன்றையும் வைத்து அனுப்புவாள் என்று எனக்குத் தெரியாது. அங்கிருந்த ஆள் அதன் எலும்பைக் கழற்றிப் பார்த்துவிட்டு, இது தவறி வந்த அரம் இல்லை, யாரோ உட்கார்ந்து செதுக்கியது என்று போன் செய்திருக்கிறார். தொழில் தெரிந்தவர்.

செவ்வாய்க்கிழமை காலையில் நோஹேயா வந்தாள். நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தில்தான் நின்றாள்.

"அங்கிள், மத்த அஞ்சையும் கழட்டிப் பாத்துட்டேன். எல்லாத்துலயும் அதே இடம்."

"ஆமாம்மா."

"அம்மாவுதுல?"

"இப்ப சரியா இருக்கு."

"முன்னால?"

நான் அலமாரியிலிருந்து கொய்யா ஜாம் டப்பாவை எடுத்துக் கொடுத்தேன். எதையும் தூக்கிப் போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. தேவாலயத்து ஆறு யூகுலேலேக்களிலிருந்தும் எடுத்த நல்ல எலும்புகள், அக்காவின் பழைய எலும்பு, ஒவ்வொன்றிலும் பெயரும் தேதியும் எழுதிய சீட்டு. அவள் ஒவ்வொரு சீட்டாகப் படித்தாள். அழவில்லை, திட்டவில்லை. "அம்மா மாத்திரை சாப்பிடும்போது நீங்கதான் தண்ணி எடுத்துக் குடுப்பீங்க, அங்கிள்" என்றாள். ஆமாம், வியாழக்கிழமைகளில் நான்தான் கொடுப்பேன். அவள் அதை ஏன் அப்போது சொன்னாள் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

டாக்டர்கள் இப்போது மாத்திரைகளைக் குறைத்துப் பார்க்கிறார்களாம். எவ்வளவு திரும்பும் என்று தெரியாதாம். மூன்று வருடம் ஒருவர் தன்னைத் தானே நம்பாமல் இருந்தால் உள்ளே என்ன மிஞ்சும் என்று அவர்களுக்கே தெரியவில்லை போல.

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அந்த யூகுலேலே ஹொனொலுலுவுக்குப் போவதற்கு முந்திய வியாழக்கிழமை, அம்மாவுக்கு ஒரு தடவை வாசித்துக் காட்டச் சொல்லி நோஹேயா கேட்டாள். எடுத்துப்போனேன். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் இருந்தார். நோஹேயா நர்ஸிடம் பேச வெளியே போயிருந்தாள். நான் சுமாராகத்தான் வாசிப்பேன். அவர் அடிக்கடி பாடுகிற பாட்டையே எடுத்து, மேலே ஏறுகிற இடத்துக்கு வந்தேன். அவருடைய கை மடியிலிருந்து எழுந்தது.

"மூணாவது தந்தி" என்றார். நாலு மாதத்தில் அவர் வாய் திறந்தது அன்றைக்குத்தானாம்.

"என்னக்கா?"

"சரியா இருக்கு." இன்னொரு தடவை வாசிக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். வாசித்தேன். முகம் பழைய முகமாக ஆகிவிட்டது, அந்தப் பெரிய சிரிப்புக்கு ஆயத்தமாகிற முகம். "ஏதாவது பண்ணினியா, மெல்வின்? உண்மையச் சொல்லு."

சொல்லியிருக்கலாம். யாரும் இல்லை, கதவு சாத்தியிருந்தது.

"இல்லக்கா. செஞ்சதுலேருந்து அது இப்படியேதான் பேசுது" என்றேன்.

அவர் யூகுலேலேயை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அப்போ அத்தன பேர் முன்னால உன்னச் சொல்லிட்டேனே. மூணு மாசம் உழைச்சுக் கொண்டாந்தவன. மன்னிச்சுக்கோப்பா" என்றார்.

இதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அக்கா வாய்விட்டு மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்துவிட்டேன்.