யாரும் வராத கட்டில்

நான் மார்க்கெட்டுக்குப் பின்னால் உள்ள லாட்ஜின் மாடியில், தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய அறையில் குடியிருக்கிறேன். வயது நாற்பது இருக்கும். கண்ணாடி போட்டிருப்பதால் எல்லோரும் கண்ணாடிக்காரி என்று கூப்பிடுகிறார்கள். தாய் வைத்த பெயரை இந்தத் தொழிலுக்கு நான் கொண்டு வரவில்லை, இந்த வாக்குமூலத்திலும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். தொழில் என்ன என்றார்கள். உங்களுக்குத் தெரியாததா என்றேன். சொல்லித்தான் ஆக வேண்டும் என்றதால் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள். மறுவாழ்வு விடுதியிலிருந்து இரும்புக் கட்டில் ஒன்றைத் திருடியதாக என் மேல் புகார். எடுத்தது நான்தான். ஏன் எடுத்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பைத்தியம் என்று நினைப்பீர்கள்.

என் அறையில் என்னோடு இருப்பவளைத் தூங்குமூஞ்சி என்போம். பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்குவாள், சாப்பிட்ட தட்டில் கை காய்வதுகூடத் தெரியாமல் தூங்குவாள். கூடப் பிறக்கவில்லை என்றாலும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் அறையில் ஒரே கட்டில். அது தொழிலுக்கு. ஆள் போன பிறகும் நாங்கள் அதில் படுப்பதில்லை, தரையில் பாய் விரித்துக்கொள்வோம். எங்கேயும் தூங்குகிறவள் அந்தக் கட்டிலில் மட்டும் கண்ணை மூட மாட்டாள்.

எங்கள் தெரு முனையில் ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆபீஸ் இருக்கிறது. அங்கே ஆணுறை பாக்கெட் கொடுக்கும் பெண்ணைப் பாக்கெட் அக்கா என்போம், அவளும் ஒரு காலத்தில் எங்களில் ஒருத்தி. அதே நிறுவனம் தொழிலை விட்டு வரும் பெண்களுக்கு ஊருக்கு வெளியே ஒரு விடுதியும் நடத்துகிறது. அதைப் பார்த்துக்கொள்கிறவரை அம்மா என்போம். நல்ல மனுஷி. அதையும் எழுதச் சொன்னேன்.

போன வருஷம் அம்மா எங்களை அழைத்துப்போய் விடுதியைக் காட்டினார். பச்சை பெயின்ட் அடித்த இரும்புக் கட்டில்கள் வரிசையாகக் கிடந்தன, பக்கத்து அறையில் தையல் மெஷின்கள் ஓடின. நான் மெஷினைப் பார்த்தேன். இவள் ஜன்னலோரக் கட்டிலில் போய் உட்கார்ந்து மெத்தையை அமுக்கிப் பார்த்தாள். "இதுல யாரும்மா வருவாங்க?" என்று கேட்டாள். "யாருடி வருவா? நீ மட்டும்தான் படுப்பே" என்றார் அம்மா. அதன் பிறகு அவளுக்கு வேறு பேச்சே இல்லை. எனக்கு வெளியே போக ஆசை இருந்ததில்லை, போய் யாரிடம் கையேந்துவது என்றிருந்தேன். அவளுக்கு ஆசை இருந்தது. ஆனால் அப்போது கட்டில் எதுவும் காலி இல்லை.

அதன் பிறகு நிறுவனத்தில் ஒரு விதி போட்டார்கள். பாக்கெட் வாங்குகிறவள் தொழிலை விட மனமில்லாதவள் என்று அர்த்தம், அவளுக்கு விடுதியில் இடம் கிடையாது. இதை வைத்து ஆபீசிலேயே சண்டை நடந்தது, நான் வாசலில் நின்று கேட்டேன். "கட்டில் காலியாகிற வரைக்கும் அவ என்ன காத்தையா குடிப்பா? வெளியே வர்றதுக்கு ஆள் உசுரோட இருக்க வேண்டாமா?" என்று பாக்கெட் அக்கா கத்தினாள். "ஒரு கையால விட்டுடுன்னு சொல்லி, இன்னொரு கையால இதை நீட்டினா என் பேச்சை யாரு நம்புவா? ஒருத்தியையாவது நான் முழுசா வெளியே கொண்டு வரணும்" என்றார் அம்மா. இரண்டு பேரும் அழுதார்கள். நான் என் பாக்கெட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தூங்குமூஞ்சி அன்றோடு வாங்குவதை நிறுத்தினாள். தொழிலை நிறுத்த முடியவில்லை, லாட்ஜ்காரர் சும்மா விடமாட்டார். என்னுடையதை எடுத்துக்கோ என்று அவள் மடியிலேயே போட்டேன். "வேண்டாம்க்கா. அம்மா கண்ணைப் பார்த்துக் கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது" என்றாள். அடிப்பாவி, வருகிறவனிடம் எல்லாம் நீதான் ராஜா என்று சொல்கிறோமே, அது என்ன என்று கேட்டேன். அது வேறக்கா என்றாள். வருகிறவனையே வாங்கி வரச் சொல்லு என்றேன். சொல்லிப் பார்த்தாள். சிலர் வாங்கி வந்தார்கள், பலர் வாங்கி வரவில்லை.

அதன் பிறகு ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவள் துணி மில்லில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அம்மாவே மாடியேறி மூச்சு வாங்க வந்து, "கிளம்புடி, உன் கட்டில் காலி" என்றார். இவள் உடனே பையைக் கட்டிவிட்டாள். சேருவதற்கு முன் ரத்தப் பரிசோதனை உண்டு என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போனாள், பயமாக இருக்கிறது என்றதால் நானும் கூடப் போய் ரத்தம் கொடுத்தேன். எனக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு எச்.ஐ.வி. இருந்தது. மாத்திரையை விடாமல் போட்டால் எல்லோரையும் போல இருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அவள் தலையாட்டினாள். நான் அவள் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன், வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது.

விடுதியில் மற்றப் பெண்கள் ஒரே பாத்ரூம் என்று பயந்தார்கள். பேசிப் பார்க்கிறேன், கொஞ்சம் பொறு என்றார் அம்மா. பொறுத்தோம். கட்டிய பையை அவள் பிரிக்கவே இல்லை, துணியை அதிலிருந்தே எடுத்து அதிலேயே வைத்துக்கொண்டாள். "அந்தக் கட்டில் சும்மாதான் கிடக்குதாக்கா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தாள். பார்த்து வருகிறேன் என்று போனேன். மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். சும்மாதான் கிடந்தது.

மறுநாள் காலையில் சாமான் ஏற்றும் வண்டி ஒன்றைக் கூட்டிக்கொண்டு விடுதிக்குப் போனேன். கட்டிலை வெல்டிங் வைக்க எடுத்துப் போகிறோம் என்று வாட்ச்மேனிடம் சொன்னேன். அவர் கேட்டைத் திறந்துவிட்டு ஒரு பக்கம் தூக்கியும் கொடுத்தார், பாவம். அவருக்கும் வண்டிக்காரருக்கும் இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை. உள்ளே மெஷின் சத்தத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை.

அறையில் இருந்த கட்டிலை வராந்தாவில் தள்ளிவிட்டு இதைப் போட்டேன். அவள் கம்பியைத் தொட்டுப் பார்த்தாள். எப்படி வந்தது என்று கேட்கவில்லை. ஏறிச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள், படுத்ததும் தூங்கிவிட்டாள். நான் வாசற்படியில் உட்கார்ந்து, வந்த ஆட்களையெல்லாம் திருப்பி அனுப்பினேன். என்ன காவலா என்று ஒருவன் கேலி செய்தான், ஆமாம் என்றேன். சாயங்காலம் நீங்கள் வந்தீர்கள். அவள் தானாக எழும் வரை இருங்கள் என்று கேட்டேன். எழுப்பித்தான் கட்டிலைத் தூக்கினீர்கள்.

அதன் பிறகு ஸ்டேஷனுக்கு அம்மா வந்தார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், உனக்குத்தான் நோய் இல்லையே, அந்தக் கட்டிலுக்கு நீ வந்துவிடு என்றார். பாக்கெட் வாங்கிக்கொண்டு, விட வேண்டும் என்று நினைக்காத எனக்கு இடம் இருக்கிறது. விடுவதற்காக அவர் சொன்னபடி கேட்டவளுக்கு இல்லை. இதை அவரிடமே சொன்னேன். அவர் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை. கட்டில் வேண்டாம் என்றேன்.

நிறுவனம் பாக்கெட் கொடுக்க வேண்டுமா, ஆளை வெளியே கொண்டு வர வேண்டுமா, நீ என்ன சொல்கிறாய் என்று இன்ஸ்பெக்டர் ஐயா கேட்டார். அவள் இரண்டையும்தான் கேட்டாள் என்றேன்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். திருடினேன் என்பது இருக்கட்டும். ஆத்திரத்தில் என்ற சொல்லை மட்டும் அடிக்கச் சொன்னேன், அடித்துவிட்டார்கள். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி, யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானே சொன்னது. கட்டில் இப்போது ஸ்டேஷன் வராந்தாவில், காலில் வழக்கு எண் எழுதிய சீட்டைக் கட்டி, சுவரில் சாய்த்து நிறுத்தப்பட்டிருக்கிறது. எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவள் அதன் பக்கத்திலேயே, பையைத் தலைக்கு வைத்துத் தரையில் தூங்கிக்கொண்டிருக்கிறாள்.

(இடது கைப் பெருவிரல் ரேகை)