பதினெட்டு அடி நிழல்

— (செருப்போட வகுப்புக்குள்ள வந்துட்டாரு அண்ணன். பிள்ளைங்க போனப்புறம் நான் டீச்சர் இல்ல, தங்கச்சிதான். என்ன கேட்க வந்திருக்காருன்னு தெரியும். அம்சத்தோட பேரை மட்டும் அவர் வாயால சொல்லாம இருந்தா போதும்.)

— என்ன மதுரம், நான் பேசிக்கிட்டே இருக்கேன், நீ அட்டைக் கடிகாரத்து முள்ளைத் திருகிக்கிட்டிருக்கே?

— கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேண்ணே.

— நாளைக்குத் தாசில்தார் விசாரணைக்கு வர்றாரு. மூணாங்கிளாஸ் அம்சம் மந்தபுத்தி, மணி பார்க்கத் தெரியாதுன்னு நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போடு.

— நல்லாப் பார்ப்பாண்ணே. கடிகாரத்துலயும் பார்ப்பா, நிழலை அளந்தும் பார்ப்பா.

— அதான் வினையே. பாடத்துல கடிகாரம்தானே இருக்கு? நிழலைக் காலடியால அளக்க யாரு சொல்லிக்குடுக்கச் சொன்னா?

— வீட்டுல கடிகாரம் இல்லாத பிள்ளைங்க.

— இல்லாதவரைக்கும் ஊரு ஒழுங்கா இருந்துச்சு. நம்ம களத்துல சேகண்டி அடிச்சா நாலு மணி, வேலை விட்டாச்சு. நடவாளு எவளாவது ஒரு வார்த்தை கேட்டிருப்பாளா? இந்தக் குட்டி வரப்புல நின்னு அடி வச்சு அளந்துட்டு, ‘பதினெட்டு அடிம்மா, நாலு இல்ல, அஞ்சு’ங்குது. மறுநாள் அவ ஆத்தா ராசம்மா நாத்துமுடியைப் போட்டுட்டு சேகண்டிக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே கரையேறுறா. பின்னாடியே முப்பது பேரு. செங்கொடிக்காரன் மனுவே எழுதிட்டான்.

— அதுக்கு நம்ம காரியக்காரர் இராஜாங்கம் அந்தப் பிள்ளை கால்ல...

— மம்மட்டிக் காம்பால ஒரு தட்டு தட்டினான்.

— பாதத்துல மூணு எலும்புண்ணே. மன்னார்குடி ஆஸ்பத்திரியில சொன்னாங்க.

— அளக்கத்தான் இன்னொரு காலு இருக்கே! என்ன, சிரிக்க மாட்டியா?

— இதுக்குச் சிரிப்பு வரலண்ணே.

— புது ஆட்சி, கூலிச் சட்டம்னு தாசில்தாருக்கெல்லாம் தைரியம் வந்திருக்கு. இல்லேன்னா உங்கிட்ட வந்து நிப்பேனா? தாலியறுத்துட்டு வந்தவளுக்கு அறை குடுத்தேன். என் பள்ளிக்கூடத்துல வேலை குடுத்தேன்.

— மறக்கலண்ணே. ஆறு வருஷமா அந்த அறையிலதான் சேகண்டி கேட்டதும் செத்துப்போன அவரோட வாட்சை எடுத்துப் பார்ப்பேன். தினமும் அஞ்சு காட்டும்.

— பார்த்தே. வாயைத் திறந்தியா? மூணு வேளையும் சோறு இறங்குச்சில்ல?

— இறங்குச்சு.

— அப்ப இதுவும் இறங்கும். பிள்ளை ஏதோ உளறிடுச்சுன்னு எழுது.

— உளறலண்ணே. நான்தான் வீட்டுப்பாடம் குடுத்தேன். சேகண்டி அடிக்கிறப்போ உன் நிழலை அளந்து, என்ன மணின்னு அம்மாகிட்டே சொல்லுன்னு.

— என்னடி சொல்றே?

— எனக்குச் சொல்ல பயமா இருந்துச்சு. எட்டு வயசுப் பிள்ளையை அனுப்பினேன்.

— அடிப்பாவி. என் ஆளு ஒரு காலைத்தான் ஒடிச்சான், நீ அந்தப் பிள்ளையையே கொண்டுவந்து குடுத்திருக்கே. ராசம்மாளுக்குத் தெரிஞ்சா உன் தலைமயிரைப் பிடிச்சுத் தெருவுல இழுப்பா.

— இழுப்பா.

— சரி, அழாதே. எனக்குத் தெரிஞ்சது என்னோட போகட்டும், உன்னைக் காட்டிக்குடுக்க மாட்டேன். இந்தா பேனா, கையெழுத்தைப் போடு. ரெண்டு பேருக்கும் நல்லது.

— பேனாவை மூடுங்கண்ணே. ராசம்மா பிள்ளைக்குத் துணையா ஆஸ்பத்திரியிலதான் இருக்கா. மன்னார்குடி பஸ்ஸு இன்னும் போயிருக்காது. நான் அவகிட்டயே சொல்லிட்டு வர்றேன்.