கம்பி இல்லாத முப்பது நாள்

பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்துவிட்டால் போதும் சார், எனக்கு அன்றைக்கு வேலை நன்றாக ஓடும். தொண்ணூற்றேழில் வாரம் இரண்டு தடவை திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து கங்கைகொண்டானுக்கு அப்படித்தான் போய்வந்தேன். தொழிற்சாலைகளில் புதிதாக என்னென்ன கண்டுபிடிக்கிறார்கள் என்று அளப்பது என் உத்தியோகம். மற்றவர்கள் காப்புரிமைப் பத்திரங்களை எண்ணிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். தொழிலாளி தன் கையால் செய்துகொள்ளும் புதுமையை, பாவிகள், ஒருத்தனும் ஏறெடுத்துப் பார்த்ததில்லை. நான் பார்த்தேன்.

எலியேசர் அண்ணாச்சியின் பட்டறையில் தொலைபேசிக்குத் தகடு வெட்டுவார்கள். அங்கே தகடு வெட்டும் பிரஸ் எந்திரத்தை ஓட்டிய ஆவுடைத்தாய், சைக்கிள் பிரேக் கம்பியால் இரண்டு பிடிகளை மாட்டிவைத்திருந்தாள். இரண்டையும் இரண்டு கையால் இழுத்தால்தான் மேலேயிருக்கும் அச்சு இறங்கும். கை உள்ளே அகப்படவே அகப்படாது. அசந்துபோனேன். ஆனால் அதன் மதிப்பை எண்ணில் காட்ட வேண்டாமா? அது இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்தால்தானே அளக்க முடியும்? முப்பது நாள் அதைக் கழற்றிவைத்துவிட்டு, பழையபடி காலால் மிதித்து ஓட்டச் சொன்னேன். வேலை வேகமாகும் என்றதும் அண்ணாச்சி தலையாட்டிவிட்டார்.

“பயமா இருக்கு சார். ஒரு மாசந்தான சொல்லுதிய?” என்றாள் அவள்.

“பைய ஓட்டும்மா, ஒண்ணும் ஆவாது” என்றேன்.

பத்தொன்பதாம் நாள் அவளுடைய வலது கை மணிக்கட்டோடு போயிற்று. ஆரஞ்சு வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அழுதேன் சார், பொய் சொல்லவில்லை.

வீட்டில் அடுப்பெரிய வேண்டுமே. மகள் மாரிக்கண்ணு அதே பிரஸ்ஸுக்கு வந்தாள், பதினெட்டு வயசு. இருபத்தாறாம் நாள் ஆவுடைத்தாய் கட்டுப்போட்ட கையோடு பட்டறைக்கு வந்து, இடது கையாலும் பல்லாலும் கம்பியை மறுபடி மாட்டினாள்.

“எம் புள்ளைக்காவது இது கெடக்கட்டும் சார்.”

கும்பிடப் பார்த்தாள், ஒரு கையை வைத்துக்கொண்டு எப்படிக் கும்பிட?

அவள் போனபிறகு அந்தக் கம்பியைக் கழற்றியவன் நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஏன் கழற்றுகிறீர்கள் என்று மாரிக்கண்ணு கேட்டாள். அம்மாவே சரியென்று சொல்லிவிட்டுப் போனதாகச் சொன்னேன். நாலு நாள்தானே பாக்கி. நடுவில் நிறுத்தினால் அளவு செல்லாது. ஆவுடைத்தாய் இழந்த கையும் வீணாகிப்போகும் அல்லவா?

இருபத்தொன்பதாம் நாள் மாரிக்கண்ணுக்கு இரண்டு கையும் போயின.

மறுநாள் அந்த பிரஸ்ஸில் உட்கார ஒருத்தியும் வரவில்லை. அறிக்கையில் முப்பதாம் நாள் காலியாகவே கிடக்கிறது. அதை நினைத்தால்தான் சார், எனக்குத் தூக்கம் வருவதில்லை.